கரையோரம் நடக்காத அப்பா

அந்த லிஃப்ட் மெக்கானிக்குடன் வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டு தரம்'. பிரேக்கை ஒரு தரம் சோதித்தால் போதும் என்று கம்பெனி சொல்லும். இவர் இரண்டு தரம் சோதிப்பார். அதில் தப்பே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்த்துவிட்டுப் போன லிஃப்ட் ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. தொல்லை என்னவென்றால், பெற்ற மகளையும் மனுஷர் லிஃப்ட் மாதிரியேதான் வளர்த்தார்.

மகளுக்குப் பதின்மூன்று வயது. நீச்சலில் படு கெட்டி. ஆனால் அவள் குளத்தில் இறங்கினால் போதும், இவருக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிடும். அவள் நீந்த நீந்தக் கரையோரமாகக் கூடவே நடப்பார். பயிற்சியில் யாரும் கண்டுகொள்ளவில்லை. போன வருஷம் போட்டியிலும் அதே பழக்கத்தில் நடந்து தொலைத்தார். இருநூறு மீட்டரில் மகள்தான் முதலில் வந்தாள். வந்து என்ன பிரயோஜனம்? எந்த வேகத்தில் நீந்தணும் என்று கரையில் ஒருவர் கூடவே நடந்து காட்டினால், நீந்தியவரைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்; அதுதான் விதி. நீக்கிவிட்டார்கள்.

"நான் வேகம் காட்டலைங்க, பயத்துல நடந்தேன்" என்று நடுவரிடம் கெஞ்சிப் பார்த்தார். பயத்துக்கு விதியில் இடமில்லை. மகள் ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வருஷம் அதே இருநூறு மீட்டரில் அணித் தேர்வு. முதல் மூன்று பேருக்குத்தான் இடம். காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே மகள் கறாராகச் சொன்னாள்.

"அப்பா, நீங்க வரலாம். ஆனா உக்காந்தே இருக்கணும். எந்திரிச்சீங்கன்னா நான் பாதியிலேயே கரையேறிடுவேன்."

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"காப்பாத்த ரெண்டு பேர் நிக்கிறாங்க. வேணும்னா எண்ணிப் பாத்துக்கோங்க, ரெண்டு தரம்."

"அப்படிப் போடு!" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நீச்சல் குளத்தில் பார்வையாளர் படிகளில் ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். காப்பாற்ற நின்றவர்களை எண்ணினார். இரண்டு தரம்தான். விசில் அடித்தது. முதல் நூறு மீட்டர் மகள் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது திருப்பத்தில் தண்ணீர் குடித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

ஐயோ! அவருடைய முழங்கால் தானாக நிமிர்ந்தது. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். 'எந்திரிக்காதே பாவி, எந்திரிக்காதே' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"உங்க பொண்ணுங்களா? போய் என்னன்னு பாருங்க சார்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"போக மாட்டேங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

இருமிக்கொண்டே மகள் திரும்பி ஐந்தாவது வரிசையைப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு மூச்சு இழுத்தாள், தலையைத் தண்ணீருக்குள் விட்டாள், சுவரை உதைத்தாள். கடைசி ஐம்பது மீட்டர் அப்படி ஒரு வெறியோடு யாரும் நீந்தி அவர் பார்த்ததில்லை. மூன்றாவதாகச் சுவரைத் தொட்டாள். விரல் நுனி அளவுதான் வித்தியாசம். முடிவுப் பலகையில் அவள் பெயர் வந்த பிறகும் அவர் அசையவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்தபடி மகள் படியேறி வந்தாள்.

"இடம் கெடச்சிருச்சுப்பா. இப்ப எந்திரிக்கலாம்."

"முடியலம்மா, காலு ரெண்டும் மரத்துப்போச்சு."

அவள் சிரித்துக்கொண்டே ஈரக் கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டாள்.