பெயர் எழுதாத குப்பி

பிள்ளைகளே, திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. பனியன் துணி ரோல் ரோலாக வந்து இறங்கும். யார் கையும் படாத புதுத்துணி. அதன் மேல் ஒரு கட்டரை வைத்து அழுத்தித் திருகி, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்து, துணியின் கனம் சரிதானா என்று எடை போட்டுப் பார்ப்பார்கள். எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். அங்கே புதுத்துணியில் ஒரு நூல் பிரிந்தாலே வீட்டில் முகம் சுருங்கும். நல்ல துணியை ஏன் ஓட்டை போடுகிறீர்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். "வெட்டிப் பாக்காம எப்புடிங்க தெரியும்? இந்த ரோலுக்கு இதுனால ஒண்ணும் பிரயோசனமில்லீங்க. அடுத்து ஓட்டற ரோலுக்கு உதவுமில்லீங்க" என்று சிரித்தார். பிறகு அந்த வேலை எனக்கே வந்தது. வெட்டி வெட்டிப் பழகிவிட்டேன்.

என் மகள் மகா இங்கே வேலம்பாளையத்தில் பிறந்தவள். உங்களில் சிலரைப் போல அவளுக்கும் இரண்டு பேச்சு. வெளியே 'ஏனுங்க', வீட்டுக்குள் எங்கள் ஊர்ப் பேச்சு. இரண்டாம் வகுப்பில் வயிறு வலிக்கிறது என்றாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, உள்ளே கட்டி, புற்றுநோய் என்றார்கள். பிள்ளைகளுக்கு மட்டும், அதிலும் அபூர்வமாக வருவதாம். அது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. காலனியில் சிலர் விளையாட வராமல் நின்றுவிட்டதால் இதைச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா ஒன்று கேட்டார். எடுக்கப்போகும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. அரிய நோய் என்பதால் ஒவ்வொரு துண்டும் முக்கியமாம். அதனால் மகாவுக்கு நன்மை கிடைக்காது, மறுத்தாலும் வைத்தியம் குறையாது என்று ஒளிக்காமல் சொன்னார். எனக்குத் துணி ரோல்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் என் மனைவி செல்வியிடம் அதையே சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எம் பிள்ள என்ன துணியா, வட்டமா வெட்டிக் குடுக்கதுக்கு?" என்றாள். எங்கள் பக்கம் சிறு பிள்ளைகள் இறந்தால் எரிப்பதில்லை, முழுசாக மண்ணுக்குக் கொடுப்போம். அவள் பயம் அதுவரைக்கும் போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

துண்டைக் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் உறைய வைப்போம் என்று சொல்லி, மகாவிடமும் டாக்டரம்மா கேட்டார். குப்பியில் தன் பெயர் எழுதுவார்களா என்று அவள் கேட்டாள். நம்பர் மட்டும்தான் என்றார். "பேரு இல்லாம என்னுதுன்னு எப்புடிங்க தெரியும்?" என்றாள். யாருடைய நம்பர் என்று பூட்டி வைத்த புத்தகத்தில் இருக்கும் என்று அவர் சொன்னதில் அவளுக்குத் திருப்தி இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஒடியாக்காரப் பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். புருஷனுக்குச் சோமனூரில் தறி வேலை. அவளுக்குத் தமிழ் தெரியாது. அன்று ஏதோ கேட்டாள். தண்ணீர் கேட்கிறாள் என்று செல்வி பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, செல்வியின் கையைப் பிடித்துத் தன் குழந்தையின் வயிற்றில் வைத்தாள். மகாவுக்கு இருந்த அதே இடம், அதே கல் போன்ற வீக்கம். செல்வி வெகுநேரம் கையை எடுக்கவில்லை. வெளியே வந்து, "அந்தச் சம்மதப் பேப்பர் எங்க இருக்கு?" என்றாள். கையெழுத்துப் போடும்போது அழவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் மகா இருந்தாள். ஊருக்குக் கொண்டுபோய்க் குளத்துக்கரை மண்ணில் வைத்துவிட்டு, பிழைப்பு இங்கே என்பதால் திரும்பி வந்தோம். அந்தக் கைக்குழந்தை என்ன ஆனது என்று தெரியவில்லை, அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆராய்ச்சியில் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை, நாளாகும் என்கிறார் டாக்டரம்மா. புதிதாக யாராவது பிள்ளையோடு வந்து திகைத்து நின்றால் என்னைக் கூப்பிடுவார். போய்ப் பக்கத்தில் உட்காருவேன். துணிக் கதையைச் சொல்வதில்லை. யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாமென்றாலும் குற்றமில்லை என்று மட்டும் சொல்வேன்.

ஊரில் மழை என்று போன் வந்தால் செல்வி குளத்துக்கரை மண் கரையுமோ என்பாள். போன வாரம் மத்தியானம் இங்கே கரண்டு போனது. தெருவில் தையல் மிஷின் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. செல்வி சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்று, "ஏங்க, கோயம்புத்தூர்ல கரண்டு இருக்கும்லா?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்றேன். எங்கள் வீட்டு ஃபேன் சுற்றும் வரைக்கும் அவள் உட்காரவில்லை.