வீட்டு ஓட்டு எங்கிட்டுப் போச்சு?

இன்னைக்குக் காலையில அன்னவாசல் டீக்கடையில ஒரு கட்சியோட கிளைச் செயலாளர் புலம்பிக்கிட்டு இருந்தாரு. "பொம்பளைங்க ஓட்டு பூராம் போச்சு. திருப்பிக் கொண்டாற என்னத்தக் குடுக்குறதுன்னே தெரியலை."

வடை போட்டுக்கிட்டிருந்த கடைக்கார அக்கா கேட்டாங்க, "ஒங்க வீட்டு ஓட்டு?"

"அது எங்கிட்டும் போகாது!" சொன்ன வேகத்துல வீட்டுக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரையும் தட்டிவிட்டுக் கேட்டாரு.

வீட்டம்மா குரல் கணீர்னு வந்துச்சு. "நான் மாத்திப் போட்டு ரெண்டு எலெக்சன் ஆச்சு. இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கும்?"

கடையே சிரிச்சுச்சு. அவரு குரல் எறங்கிருச்சு. "திரும்பப் போட என்ன செய்யணும்?"

"மொதல்ல அடுப்படியில ஒழுகுற குழாயைச் சரி பண்ணுங்க. ஊருக்குத் தண்ணி விடுறது அப்பறம்."

பாதி டீயோட எந்திரிச்சு வாஷர் வாங்கப் போயிட்டாரு.

நானும் வீட்ல கேக்கலாம்னு போனை எடுத்தேன். பேசாம வச்சுட்டேன். எங்க வீட்லயும் குழாய் ஒழுகுது.

ஒங்க வீட்ல எப்படி?