மைக் நின்றுபோன கூட்டமும் என் அம்மாவின் உயிரும்

என் அம்மா வாந்திபேதியில் விழுந்தது 1955-ஆம் வருஷம், பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் களி கிண்டியவள் மத்தியானத்துக்குள் பாயோடு பாயாகக் கிடந்தாள். கண் உள்ளே போய்விட்டது. கையைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளின தோல் அப்படியே நின்றது. எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குடத்தில் தண்ணீர் இல்லை.

கிணறு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அதில் எங்கள் தெருக்காரர்கள் என்றைக்குமே இறைத்ததில்லை. மேல்தெருப் பெண்கள் யாராவது மனசு வைத்தால் குடத்தில் ஊற்றுவார்கள். அன்றைக்கு அதற்கும் வழியில்லை. எங்கள் வீட்டை ஊர் ஒதுக்கி வைத்து இருபது நாளாகியிருந்தது. வேலை கிடையாது, கடையில் உப்புகூடக் கிடையாது, யாரும் பேசக்கூடாது.

நாங்கள் செய்த குற்றத்தைச் சொல்கிறேன். அம்மனை நம்பி இங்கே கூடியிருக்கும் உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கத்தில். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் ஒரே பேச்சுதான். ஓசூர் மதராஸிலேயே இருக்குமா, மைசூரோடு போகுமா, ஆந்திராவோடு சேருமா? மூன்று பக்கமும் தலைவர்கள் வந்தார்கள். மூன்று பக்கமும் மாலை போட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்தவர் எந்த மொழிக்காரர் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற இரண்டு பேரும் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்தார். ஊர் நிலத்தில் பாதி அவருடையது. முந்தின தேர்தலில் ஒரு கட்சி, அதற்கு அடுத்த மாதம் வேறு கட்சி. துண்டின் நிறம் மாறும், ஆள் மாறமாட்டார். அவர் ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொண்டு, நிலத்தில் வேலை செய்யும் எல்லோரையும் கூப்பிட்டார். எங்கள் வீட்டு மொழி இன்னது, எங்கள் ஊர் இன்ன மாநிலத்தோடு சேரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் கைநாட்டு வைக்கவேண்டும்.

என் அப்பா மாரப்பன் வரிசையில் நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"சாமி, எங்க வீட்ல தமிழும் பேசறோம், தெலுங்கும் பேசறோம். சந்தைக்குப் போனா கன்னடமும் பேசறோம். இதுல எதுன்னு வெக்கறது?" என்று கேட்டார்.

"எழுதியிருக்கறதுக்கு வெய்யிடா. ஒன்ன எவன் கேட்டான்?"

அப்பா விரலை மையில் தோய்க்கவில்லை. "வெக்கறன் சாமி. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த மாநிலத்துல சேந்தா நாங்க அந்தக் கெணத்துல தண்ணி எறைக்கலாமா?" என்றார்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. நக்கலாகக் கேட்கவில்லை. என் அப்பாவுக்கு நக்கல் வராது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் பெரிய வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் எங்களுக்கு ஊர்க்கட்டு விழுந்தது. தாய்மொழிக்குத் துரோகம் செய்தோமாம். எங்கள் தாய்மொழி எது என்று அவர் காகிதத்தைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கப் போனார். "மாசக் கடைசில வரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அம்மாவும் அரை மைல் நடந்து ஓடைக் குழியில் தண்ணீர் மொண்டோம். மாடுகள் இறங்கிக் குளிக்கும் குழி. அதைத்தான் இருபது நாளாகக் குடித்தோம். அம்மாவுக்கு எதனால் வந்தது என்று டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரில் பெரிய கூட்டம். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். தலைவர் வந்திருந்தார். அவரோடு ஒரு லாரி, அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகள்.

நான் முதலில் வண்டிக்காரர் வீட்டுக்கு ஓடினேன். "அம்மா சாவறாங்க, வண்டி பூட்டுங்க" என்றேன். அவர் மனைவி கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இருந்து, "போயிடு பாப்பா, எங்களயும் ஒதுக்கிடுவாங்க" என்று மட்டும் குரல் வந்தது. அந்தக் குரலில் அழுகை இருந்தது. அவரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.

அடுத்து பூசாரியிடம் போனேன். அவர் தலைவருக்குக் கொடுக்கத் தட்டில் தேங்காய் உடைத்து வைத்துக்கொண்டிருந்தார். "கூட்டம் முடியட்டும். அப்பறம் பெரியவர்கிட்ட சொல்லிப் பாக்கறன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் தேங்காயைப் பார்த்துச் சொன்னார். தேங்காய்க்கு இருந்த மரியாதை எங்கள் உயிருக்கு இல்லை. இவரை நான் மன்னிக்கவில்லை. அதற்கு முயற்சியும் செய்யவில்லை.

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். மொழி நம் தாய், தாய்க்கு ஒரு துன்பம் வந்தால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. பெரிய வீட்டுக்காரர் எல்லோருக்கும் முன்னால் தட்டினார்.

கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு கல் நட்டிருந்தது. அதைத் தாண்டி எங்கள் தெருக்காரர்கள் போகக்கூடாது. நான் அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கை கூப்பவில்லை. நான் அன்றைக்குச் செய்தது பிரார்த்தனையா என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே சொல்கிறேன்.

"ஒனக்குக் கண்ணு இருக்குதா? எங்கம்மா தண்ணியில்லாம சாவறா. நீ அங்க குளுகுளுன்னு பாலுல குளிக்கற. நீயும் அந்தப் பெரிய வீட்ல கூலிக்கு இருக்கறியா? அப்படின்னா சொல்லிடு, நான் போயிடறன். இல்லன்னா எதுனா செய்யி. இப்பவே செய்யி. கூட்டம் முடியட்டும்னு நீயும் சொல்லாத."

ஒலிபெருக்கி அலறியதால் நானும் கத்தித்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

லாரியை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் நிறுத்தியிருந்தார்கள். அதன் அடியிலிருந்து ஒருவர் ஊர்ந்து வெளியே வந்தார். காக்கிச் சட்டை, சின்னத் தாடி, கையெல்லாம் கிரீஸ். லாரி டிரைவர். பெயர் காதர் பாய் என்பது பிறகுதான் தெரிந்தது.

"எங்க இருக்கறாங்க ஒங்கம்மா?" என்றார்.

நான் தெருவைக் காட்டினேன்.

"எத்தினி நேரமா?"

"காலைலேந்து."

லாரியிலிருந்த பாட்டரியில்தான் மைக் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மேடைக்குப் போன ஒயரை அவர் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டார். தலைவருடைய வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் தண்ணீரிலிருந்து தூக்கிப்போட்ட மீன் மாதிரி இருந்தார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா சாகக்கிடந்தபோதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மன் மன்னிப்பாள்.

பெரிய வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "டேய், எங்கடா எடுக்கற வண்டிய? அந்த வீடு ஊர்க்கட்டுல இருக்குது."

"ஒங்க ஊர்க்கட்டு ஒங்க ஊருக்கு. நான் கிருஷ்ணகிரி" என்றார் பாய். என்னைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார்.

எங்கள் தெருவுக்குள் லாரி வந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவைப் பாயோடு தூக்கி வண்டியில் கிடத்தினார். கட்சிக் கொடிகளைச் சுருட்டித் தலைக்கு வைத்தார். தன்னிடமிருந்த தண்ணீர்ப் பையை என்னிடம் கொடுத்து, "துணிய நனைச்சு ஒதட்டுல வெய்யி. நிறுத்தாத" என்றார். கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நிறுத்தாமல் நனைத்து வைத்தேன். அம்மா வாந்தியெடுத்தபோது அந்தக் கொடிகளால்தான் துடைத்தேன். அந்தக் கொடிகள் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சாயந்தரம் விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா கண் திறந்து, "நாகம்மா, களி அடிப்பிடிச்சிடப் போவுது, எறக்கு" என்றாள். நான் வார்டு நடுவில் தரையில் விழுந்து கும்பிட்டேன். எந்தத் திசையில் அம்மன் இருக்கிறாள் என்று பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். லாரி போய்விட்டிருந்தது.

அடுத்த வாரம் தலைவர் ஓசூரில் ஒரு கூட்டத்தில் பேசினாராம். ஒரு ஏழைத் தாயின் உயிரைக் காப்பாற்றப் பேச்சைப் பாதியில் நிறுத்தித் தன் லாரியைக் கொடுத்தாராம். கை தட்டல் நிற்கவேயில்லையாம். அவர் அப்படிச் சொல்லிவிட்டதால் பெரிய வீட்டுக்காரருக்கு வேறு வழியில்லை, ஊர்க்கட்டை எடுத்துவிட்டார். பூசாரி எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, அம்மன் உங்களை மன்னித்துவிட்டாள் என்று திருநீறு கொடுத்தாராம். வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா எங்களைக் கிருஷ்ணகிரியிலேயே தங்கவைத்துவிட்டார். மறுவருஷம் மாநிலங்கள் பிரிந்தன. எங்கள் ஊர் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தது. கிணற்றிலும் எதுவும் மாறவில்லை.

இதுவரைக்கும் எல்லோரையும் இளக்காரமாகப் பேசிவிட்டேன். இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கிருஷ்ணகிரியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பதினொரு வயதில் ஒன்றாம் வகுப்பு. சீக்கிரமே தாண்டித் தாண்டிப் படித்தேன். எங்கள் தெருவில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பெண்கள் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். நானும் சொல்வேன். அம்மனிடம் அழுதேன், அம்மன் வண்டி அனுப்பினாள் என்பேன். டிரைவரைப் பற்றிச் சொல்லமாட்டேன். தானாக ஓடி வந்த வண்டி மாதிரி சொல்வேன். அப்படிச் சொன்னால்தான் கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கை தட்டலுக்காகப் பேசிய அந்தத் தலைவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போது தோன்றவில்லை.

1959 ஆடியில் ராஜம்மா என்ற ஒரு பெண், புதிதாக எங்கள் தெருவுக்கு வந்தவர், கேட்டார்: "வண்டின்னா ஓட்டுன டிரைவரு இருப்பாரே, அவரு என்னா ஆனாரு?"

அவருடைய ஊரிலேயே நான்கு வருஷமாக இருக்கிறேன், ஒரு தடவையும் தேடவில்லை. அவருக்கு வேலை போய்விட்டது என்று அப்பாவின் காதில் விழுந்திருந்தது. என்ன முகத்தோடு போய் நிற்பது என்று அப்பா தயங்கியிருக்கிறார். அன்றைக்கு நான் பிடிவாதம் பிடித்ததால் இரண்டு பேரும் தேடிப்போனோம். புளி மண்டியில் அவர் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா அவர் காலில் விழப்போனார். பாய் சட்டென்று விலகி, "எந்திரிங்க அண்ணே. என்னா இது" என்றார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கோயில் பின்னால் நின்று கத்தியதையும் சொன்னேன். "எங்க அம்மன்தான் ஒங்கள அனுப்புனா பாய்" என்றேன்.

"நான் நல்ல மனசோட வரல பாப்பா. ரெண்டு நாளா மேடைல பேசுன அந்தாளு எனக்குச் சோறு போடல. வெயில்ல லாரிக்கு அடியில கெடந்து, தாயி தாயின்னு அவன் கத்தறதையே கேட்டுட்டு இருந்தன். நீ வந்து சாமியத் திட்டுன. அவனத் திட்ட எனக்குத் தைரியமில்ல, நீ சாமியையே திட்டறயேன்னு இருந்துச்சு. அந்தக் கோவத்துல ஒயரப் புடுங்கனன். அவ்ளோதான்" என்றார்.

"வேலை போயிடுச்சே" என்றார் அப்பா.

"போனா போவுது. ஒங்க வூட்டம்மா எப்படி இருக்கறாங்க?"

"நல்லா இருக்கறாங்க. களி கிண்டறாங்க."

"அல்லாவே" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். நான்கு வருஷமாக அவருக்கு அந்தச் செய்தி தெரியாது. கொண்டுபோய்ச் சேர்த்த உயிர் பிழைத்ததா இல்லையா என்று தெரியாமலே மூட்டை தூக்கியிருக்கிறார். ஒரு தெரு தள்ளி நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டத்துக்கு நடுவே கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. போகவேண்டாம்.

அதற்குப் பிறகு அம்மா இருந்த காலமெல்லாம் ஆடிக் கூழ் முதல் சொம்பு பாய் வீட்டுக்குப் போனது. நான் எட்டாவது முடித்து, பயிற்சிக்குப் போய், ஆசிரியை ஆனேன். என் வகுப்பில் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாத பிள்ளை என்று யாரும் இருந்ததில்லை. அப்படி வைக்கச் சொன்ன ஒரு தலைமையாசிரியரிடம் நான் பேசிய பேச்சுக்கு என்னை இடம் மாற்றினார்கள். போன இடத்திலும் பானையை எல்லோரும் மொள்ளும்படி வாசலிலேயே வைத்தேன்.

அம்மனை நம்புங்கள். இது என் வாயால் வரும் வார்த்தை, எந்தப் பூசாரியும் சொல்லிக்கொடுத்ததில்லை. அழகாக வேண்டிக்கொள்ளத் தெரியாவிட்டால் பரவாயில்லை. கோபம்தான் இருக்கிறதென்றால் அதையே கொண்டுபோங்கள், அவள் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவள் இல்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாலும் அவளுக்குக் கேட்கும். நான் கத்தியது கேட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள். உதவி வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால், வந்தவருடைய பெயரைக் கேளுங்கள். அவர் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள்.