மிக்சி செய்த தப்புக்கு மகளை அடித்தேன்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே தறி இருக்கிறது. என் கணவர் பட்டு நெய்கிறார். சேலையில் எங்கே எந்தப் பூ விழ வேண்டும் என்பதை இப்போது தறியோடு இணைத்த எலக்ட்ரானிக் பெட்டிதான் பார்த்துக்கொள்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணப் புடவையில் பூ அடிக்கடி தப்பியது. ஒவ்வொரு முறையும் அவர் நெய்ததைப் பிரித்து மறுபடி நெய்தார். ஒரு ஞாயிறு காலை, சட்னி அரைத்துவிட்டுப் போய்ப் பார்த்தால், பூ மறுபடி தப்பியிருந்தது; எங்கள் நான்கு வயது மகள் பெட்டியருகே நின்றிருந்தாள்.

"நீதானே பட்டன அமுக்கின?"

"நான் தொடலமா."

பொய் சொல்கிறாள் என்று நினைத்து முதுகில் அடித்துவிட்டேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனபின் மிக்சியைப் போட்டேன். தறியிலிருந்து அவர் கத்தினார்: "மறுபடியும் பூ தப்பிடுச்சுமா! இப்ப யார அடிக்கப் போற?"

நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் தப்பியது.

பெட்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் சிரித்தார். "பழைய மிக்சிமா. மோட்டார்ல கார்பன் தேஞ்சி உள்ள நெருப்பு பறக்குது, அது கரண்ட்ல கலந்து பெட்டியக் குழப்புது. ஒரே லைன்ல இருந்தா பெட்டி இன்னா பண்ணும்?"

சாயங்காலம் மகளிடம், "தப்பு மிக்சிமேலதான்டா, உன்மேல இல்ல" என்றேன்.

"அப்ப மிக்சிய அடிச்சியாமா?" என்றாள்.

மிக்சிக்குக் கார்பன் மாற்றி, பெட்டிக்குத் தனி லைன் இழுத்துவிட்டோம். தறி ஓடும்போது மிக்சி போடுவதில்லை. எது கெட்டாலும் முதலில் சுவிட்சுகளைத்தான் பார்க்கிறேன். மகள் தொடவில்லை என்று சொன்னால் நம்புகிறேன். அவள்தான் இன்னும், தறியைத் தாண்டிப் போகும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.