எட்டில் ஒரு பங்கு

20.6.1998: கோபன்ஹேகன். மூன்று அருங்காட்சியகங்கள், மூன்று பேர். நுழைவுக் கட்டணம் 270 குரோன்.
6.7.1998: முதல் கடிதம். தபால்தலை 60 சென்ட்.
24.8.1998: இரண்டாம் கடிதம். 60 சென்ட்.
16.11.1998: மூன்றாம் கடிதம், படத்துடன். 1 டாலர்.
15.11.1999: நான்காம் கடிதம். 1 டாலர்.
11.7.1966: காங்கேயம் சந்தை. அபராதம் 15 ரூபாய்.

கடைசி வரி மற்றவற்றுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முந்தியது. மயில்சாமி தன் செலவுக் கணக்கில் அதைக் கடைசியில்தான் சேர்த்தார்.

தாராபுரத்துக்காரரான அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் எடை, அளவு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். சந்தை சந்தையாகப் போய்ப் படியையும் தராசையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், குறைந்தால் பிடுங்கிக்கொள்வார். ஓய்வுபெற்ற பிறகு மனைவி வள்ளியோடு நியூஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் மகன் செழியன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

செழியனுக்கு மருந்துக் கம்பெனியில் உத்தியோகம். ஆபீஸ் வேலையாகக் கோபன்ஹேகன் போனவன் பெற்றோரையும் கூட்டிப்போனான். ஒரே சனிக்கிழமையில் மூன்று அருங்காட்சியகங்கள். முதலாவதில் ராஜாக்களின் கிரீடங்கள், இரண்டாவதில் கப்பல்கள். வள்ளிக்குக் கால் வீங்கிவிட்டது. மூன்றாவது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கட்டடம். அதன் மேல்மாடியில் தரங்கம்பாடிச் சாமான்கள். டேனிஷ்காரர்களின் வியாபாரக் கம்பெனி அங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்தில் கொண்டுவந்தவை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைப் படி இருந்தது. மயில்சாமி குனிந்து பார்த்தார். விளிம்புக்குக் கீழே கம்பெனியின் முத்திரை. பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்தது.

"பரவால்லியே, ஒழுங்காக் குத்தியிருக்கறான். கீழ என்னடா எழுதியிருக்குது?"

செழியன் படித்தான். படித்துவிட்டுத் தயங்கினான். "சும்மா, அளவுன்னு போட்டிருக்குப்பா."

"முழுசாப் படி."

"'பொய் அளவு. தமிழ் வியாபாரிகள் கம்பெனியை ஏமாற்றப் பயன்படுத்தியது. எட்டில் ஒரு பங்கு குறைவு.'"

மயில்சாமியின் காது சிவந்தது. "பொய் அளவுல எவன்டா முத்திரை குத்துவான்? தண்ணிய ஊத்தி அளந்திருக்கறானுக! நெல்லு தலை தட்டியா அளந்தாங்க? குமிச்சுத்தான அளந்தாங்க! தண்ணி குமியுமா?" கண்ணாடியைத் தட்டினார். காவலாளி ஓடிவந்தான்.

"அப்பா, ப்ளீஸ். முந்நூறு வருஷத்துக் கதை. லீவ் இட்."

"என்றகிட்ட இங்கிலீசு பேசாத. உன்ற பாட்டன் முப்பாட்டனைத் திருடன்னு எழுதி வெச்சு, அதப் பாக்க நம்மகிட்டயே காசு வாங்கியிருக்கறான்."

பிரிட்ஜ்வாட்டர் திரும்பியும் கோபம் ஆறவில்லை. அந்தப் 'பொய்' என்ற சொல்லை எடுக்கவைக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்து கடிதம் எழுதினார். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அரிசியைக் குவித்து அளந்து பாருங்கள் என்று மறுபடி எழுதினார். காட்சிப்பொருளில் எதையும் கொட்ட விதி இல்லை, வேண்டுமானால் அளவுகள் இதோ என்று எழுதினார்கள்: உள்விட்டம் பதினான்கு சென்டிமீட்டர், ஆழம் பதினொன்று புள்ளி நான்கு.

அது போதும் அவருக்கு. கெட்டி அட்டையைச் சுருட்டி, அதே அளவில் ஒரு படி செய்தார். வள்ளியிடம் பொன்னி அரிசியைக் கொடுத்து, "ஒரு படி அள" என்றார். அவள் யாரும் சொல்லாமலே கூம்பாகக் குவித்தாள்.

"பாத்தியா! கை தானாக் குமிக்குது!"

"கோயலுக்குப் போலாம்னு சேலை கட்டி உக்காந்திருக்கறேன். இவரு அரிசி அளந்துட்டு இருக்கறாரு" என்றாள் வள்ளி.

தலை தட்டினால் 1750 மில்லிலிட்டர். குவித்தால் இரண்டு லிட்டருக்கு மயிரிழை குறைவு. வித்தியாசம், சொல்லிவைத்தாற்போல எட்டில் ஒரு பங்கு. படம் வரைந்து மூன்றாம் கடிதத்தை அனுப்பினார்.

பதில் வர ஏறக்குறைய ஒரு வருடமாயிற்று. வந்தது நெருப்பாகச் சுட்டது. 'குவித்து அளப்பதை உங்கள் நாட்டுச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டப்படியும் இது பொய் அளவுதானே?'

"என்ற சட்டத்தை எனக்கே படிக்கறானா!" என்று கத்தியபடி, சட்டம் எப்போது வந்தது என்று காட்டுவதற்காக, ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்தார். 1966ஆம் ஆண்டைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

லிட்டர் கட்டாயமான புதிது. காங்கேயம் சந்தையில் நத்தக்காடையூர் நாகமணி என்ற அரிசிக்காரியின் படியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். எட்டில் ஒரு பங்கு குறைந்தது. "குமிச்சுத்தானுங்க சாமி குடுக்கறேன்! எந்தப் பொம்பளையாச்சும் கொறையுதுன்னு சொல்லட்டுமுங்க!" என்று அவள் சந்தையே கேட்கக் கத்தினாள். அவர் கேட்கவில்லை. அவர் கையெழுத்திலேயே இருந்தது: பொய் அளவு. பறிமுதல். அபராதம் ரூ. 15.

இரண்டு நாள் அந்தப் பக்கத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் 'பொய்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட்டார். பக்கத்தை நகலெடுத்து நான்காம் கடிதத்தோடு வைத்தார். 'நானும் இதே தவறைச் செய்தேன். என்னுடையதை அடித்துவிட்டேன். நீங்கள் உங்களுடையதை அடியுங்கள்.'

11.1.2000 அன்று பதில் வந்தது. புதிய அட்டையின் நகல் உள்ளே இருந்தது: 'தானிய அளவு, குவித்து அளப்பது. கம்பெனி முத்திரை உடையது.' வேறு ஒரு சொல் இல்லை.

செழியன் கை கொடுத்தான். மயில்சாமி தட்டிவிட்டார். "இத்தன வருசம் திருடன்னு எழுதி வெச்சிருந்தானுகளே, தப்புன்னு ஒரு வார்த்தை? மன்னிப்புன்னு ஒரு வார்த்தை?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த வள்ளி நிமிராமல் கேட்டாள். "ஏனுங்க, நாகமணிகிட்ட நீங்க கேட்டீங்களா?"

மயில்சாமி பழைய நாட்குறிப்பை மறுபடி எடுத்தார். 18.1.2000 அன்று, நாட்குறிப்பில் இருந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நடந்ததை எழுதி, தப்பு என்னுடையது, மன்னித்துவிடம்மா என்று முடித்தார். தபால்தலை 60 சென்ட்.

பதிலை எழுதியது நாகமணியின் மகன். அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாயிற்று. அந்தச் சந்தைக்குப் பிறகு ஊரில் 'பொய்ப்படிக்காரி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது. 'உங்கள் மன்னிப்பு எங்களுக்கு எதற்கு? அது அவளுக்கு அவள் அம்மா கொடுத்த படி. அது எங்கே என்று மட்டும் எழுதுங்கள்.'

எங்கே என்று மயில்சாமிக்குத் தெரியும். பறிமுதலான அளவுகளைச் சம்மட்டியால் நசுக்கிப் பழைய பித்தளையாக விற்பது விதி. நாகமணியின் படியை நசுக்கிய தேதி, அதே நாட்குறிப்பில், நாற்பத்தொன்பது பக்கம் தள்ளி இருந்தது: 29.8.1966.

மகனின் கடிதம் வந்தது 9.3.2000. பதிலுக்கு இன்னும் தபால்தலை ஒட்டவில்லை.