ஜிம்மியின் இடது கண்

எதிர்வீட்டுச் சுவருக்கு இன்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை ஜன்னல் வழியாக வந்ததும், செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே கிடந்த காலி மனை நினைவுக்கு வந்துவிட்டது. எண்பதுகளில் அங்கே யாரோ வீடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளி விட்டதும் நானும் எங்கள் நாய்க்குட்டி ஜிம்மியும் மணல்மேட்டில் ஏறிச் சறுக்கி, செங்கல் அடுக்குகளுக்குள் ஒளிந்து, ஏரிக்காற்றில் புழுதி பூசிக்கொண்டு இருட்டும்வரை அங்கேதான் கிடப்போம்.

ஒருநாள் நான் எறிந்த பந்து சுண்ணாம்பு ஊறப்போட்டிருந்த குழியில் விழ, ஜிம்மியும் பின்னாலேயே பாய்ந்துவிட்டது. அலறலைக் கேட்டு ஓடிவந்த சித்தாள் பெண் அதை வாரித் தூக்கினாள்.

"தண்ணி மொண்டு மொண்டு ஊத்து பாப்பா! கண்ண தேய்க்காத, பேஜாராப் பூடும்!"

அப்பா சைக்கிளில் தாம்பரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வெந்த பாதங்கள் ஆறின. இடது கண் வெளுத்தே போனது.

எப்படி விழுந்தது என்று அப்பா கேட்டபோது, "வீட்டு கேட் திறந்திருந்துச்சுப்பா, அதுவா ஓடிப்போய் விழுந்துடுச்சு" என்றேன். அன்று கடைசியாக வெளியே போனவள் அக்கா. அவள் தினமும் காலையில் ஜிம்மியை மடியில் கிடத்தி மருந்து விட்டாள். அது முனகும்போதெல்லாம் "ஸாரிடா கண்ணு" என்றாள். நான் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த மனையில் இப்போது நாலு மாடி நிற்கிறது. ஜிம்மி போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. போன வாரம்கூட அக்கா தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான்தான் கேட்டைச் சாத்த மறந்துட்டேன். பாவம், என்னாலதான் அதுக்குக் கண்ணு போச்சு."

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.