மூன்று கோயில், ஒரு வலைப்பந்து மாட்ச்

போன சனிக்கிழமை கம்பளைக்கு ஒரு மாட்ச் பார்க்கப் போனேன். குறைந்தபட்சம், வீட்டிலிருந்து கிளம்பும்போது அதுதான் எண்ணம்.

ஆசிரியைகளுக்கான வலைப்பந்துப் போட்டி, பைனல். என் மனைவி சாந்தி டீச்சர். நாலு வருடமாக அவளுடைய பாடசாலை டீமில் ரிசர்வ் — அதாவது மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல். இந்த முறை கோல் ஷூட்டர் டீச்சருக்குப் பிரசவ லீவு. அந்த இடம் சாந்திக்கு வந்தது. அடுத்த வருடம் அவர் திரும்பிவிடுவார். ஆக, இவளுக்கு இந்த ஒரு மாட்ச்தான்.

டீமுக்குத் தனி பஸ் இருந்தது. இருந்தும் எங்கள் வேனில் என்னோடு வருவதாகச் சொல்லிவிட்டாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கணவன்மார் யோசிக்கிற வழக்கமுண்டா என்ன?

மாட்ச் பத்து மணிக்கு. மஹய்யாவையிலிருந்து வெள்ளனவே கிளம்பிவிட்டோம். பின் சீட்டில் என் மச்சான், சாந்தியின் அண்ணன். கொழும்பில் வரலாறு படிப்பிக்கிறவர். லீவுக்கு வந்திருந்தார்.

பேராதனை தாண்டியதும் ஆரம்பித்தார். "மெயின் ரோட்ல ட்ராபிக் மாப்ள. உள் ரோட்டால போவோம். வழியில மூணு பழைய கோயில் இருக்கு. ஒவ்வொன்னுலயும் அஞ்சு நிமிஷம்."

அஞ்சு நிமிஷம்! வரலாற்று வாத்தியார் அஞ்சு நிமிஷத்தில் முடித்த பாடம் எதையாவது நீங்கள் பார்த்ததுண்டா?

முதலில் கடலாதெனிய. வாசலில் செருப்புப் பார்க்க ஆள் இருந்தார். "அதெல்லாம் எதுக்கு, வேன்லயே கழட்டிப் போடுங்க" என்றார் மச்சான். கழற்றிப் போட்டோம். சாந்தி விளையாட்டுப் பாவாடையில் இருந்தாள். முழங்கால் தெரிய விகாரைக்குள் போக முடியாது.

"ஒரு சாரத்தைச் சுத்திக்கிட்டு வாயேன்" என்றார் அண்ணன்.

"அண்ணே, எனக்கு மாட்ச் இருக்கு" என்றாள் தங்கை.

உள்ளே மச்சான் பாடம் நடத்தினார். இந்தக் கல் கோயிலைக் கட்டிய சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்தவராம். அரசர் காலம் பாருங்கள்... வந்த மனுஷனிடம் யாரும் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று கேட்கவில்லை போலிருக்கிறது. கோயிலைக் கட்டு என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நம் முன்னோர்கள் தேயிலை பறிக்க வந்ததற்குப் பதிலாகக் கோயில் கட்ட வந்திருக்கலாம்.

அடுத்தது லங்காதிலக. பாறை மேலே ஏறவே மூச்சு வாங்கியது. அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு. எழுத்து மச்சானுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஆனாலும் இருவருக்கும் ஒரே பெருமை. இன்றைக்கு ஒரு சுற்றறிக்கையைத் தமிழில் வாங்க நாம் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது! உளியை வைத்துக்கொண்டு செய்ததைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்ய முடியவில்லை.

இறங்கி வந்தபோது சாந்தி ரோட்டோரம் நின்று, இல்லாத பந்தை இல்லாத வளையத்துக்குள் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இனி எங்கயும் நிப்பாட்ட வேணாம்."

"சரிம்மா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஆனால் அடுத்தது எம்பெக்க. கதிர்காமத்துச் சாமி இருக்கிற இடம். "முருகனைத் தாண்டிப் போறதா? மாட்சுக்குப் போற நேரத்தில?" என்று மச்சான் ஒரு போடு போட்டார். சாந்தி சீட்டிலேயே இருந்துகொண்டாள். சாவியை வேனிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு இறங்கினோம்.

அங்கே அத்தனையும் மரத்தூண். மச்சான் தூணுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினார். ஒரு தூணில் இரண்டு பேர் மல்யுத்தம் பிடிக்கிறார்கள். "என்ன உயிரோட்டம் பாருங்க! யாரு ஜெயிப்பான்னு சொல்லுங்க?" என்றார். நான் குனிந்து நிஜமாகவே யோசித்தேன்.

வெளியே வந்தால் வேன் இல்லை.

"நோனா கியா" என்றார் இளநீர்க்காரர், சிரித்துக்கொண்டே. அம்மணி போய்விட்டார். எனக்கு முன்னாலேயே லைசன்ஸ் எடுத்தவள் அவள். அது எனக்கு மறந்துபோயிருந்தது. என் போனும் எங்கள் இரண்டு சோடிச் சப்பாத்தும் அவளோடு கம்பளைக்குப் போய்விட்டன.

சுடுகிற தாரில் குதித்துக் குதித்து ஒரு த்ரீவீலரைப் பிடித்தோம். "என்ன அண்ணன், செருப்பில்லாம? நேர்த்தியா?" என்று கேட்டார் ட்ரைவர். மச்சான் கொஞ்சமும் யோசிக்காமல் "ஆமா தம்பி" என்றார். வரலாறு இப்படித்தான் உருவாகிறது.

மைதானத்துக்குப் போனபோது டீச்சர்மார் சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோலில் தோற்றுவிட்டார்களாம். ஆனால் ஒருவர் முகத்திலும் தோற்ற களை இல்லை. "சேர், சாந்தி டீச்சர் போட்ட கடைசி கோலைப் பாக்காம விட்டுட்டீங்களே!" என்றார் ஒருவர். ரெண்டு பேர் மறித்து நிற்க, பின்பக்கமாகச் சாய்ந்து போட்டாளாம். இன்னொருவர் அதை மறுத்தார் — ஒற்றைக் காலில் நின்றல்லவா போட்டார்!

சாந்தி வியர்வையோடு வந்து, சப்பாத்தை என் முன்னால் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"டீம் பஸ்ல போயிருப்பேங்க. நீங்க பாக்கணும்னுதான் உங்களோட வந்தேன்."

திட்டியிருக்கலாம். அந்தக் கோயில்கள் அடுத்த சனிக்கிழமையும் அங்கேயேதான் நிற்கும். அந்தக் கோல்?

இந்த வாரம் முழுக்க, பார்க்கிற ஆட்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் — ரெண்டு பேர் மறித்தது, அவள் சாய்ந்தது, ஒற்றைக் கால், வளையத்தின் விளிம்பில் பந்து ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது, எல்லாம். கண்ணால் பார்க்காத ஒன்றை இவ்வளவு விலாவாரியாகச் சொல்ல மச்சானிடம்தான் கற்றுக்கொண்டேன்.